ஒரு பாட்டில் கோல்டன் ஷார்க்

1

"அய்யோ... யாராவது ஓடியாங்களேன்...!"

கடலூர் செம்மண்டலத்தில், விளையாட்டு மைதானத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பிய அந்த அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பின.

அலறியவள் சவரியம்மாள். மைதானத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். வீரர்கள் உடை மாற்றும் அறையைத் திறந்தவள், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே...

கோச் சபாபதி குப்புறக் கிடந்தார். கடலூர் கபடி அணியைப் பல வருஷமாகக் கட்டி மேய்த்தவர். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் உறைந்து கறுத்துப் போயிருந்தது.

பக்கத்தில் ஒரு பித்தளைச் சுறா.

பொம்மை அல்ல. கோப்பை!

இன்று சாயங்காலம் சிதம்பரத்தில் நடக்கப் போகும் இறுதி ஆட்டத்தில், ஜெயிக்கிற அணி தலைக்கு மேல் தூக்க வேண்டிய கோப்பை. ஊர் பார்க்கட்டும் என்று முன்கூட்டியே இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதை யாரோ ஒருநாள் முன்னதாகவே, வேறு காரியத்துக்காகத் தூக்கியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இலக்கியா ஜீப்பை விட்டு இறங்கியபோது அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. நேற்று தைப்பூசம். மாவட்டத்தில் பாதி ஜனம் வடலூருக்கு ஜோதி பார்க்கப் போனது. அவளுடைய ஸ்டேஷனில் பாதிப் பேர் அந்த ஜனத்துக்குப் பந்தோபஸ்து போனார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு ஊரைக் காத்தவளுக்குத் தூக்கம் ஏது? தூக்கமில்லாத இலக்கியாவிடம் நல்ல வார்த்தை எதிர்பார்ப்பவன் ஊருக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

"டாக்டர் என்னா சொல்றாரு ஏட்டய்யா?"

ஏட்டு ஆண்டி நெற்றியைத் துடைத்தார். "நேத்து சாயந்தரம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுலயாம் மேடம். ஒரே அடி. சுறா வால்தான் எறங்கியிருக்கு. கைரேகைய தொடச்சிட்டான்."

"கையில என்னா?"

சபாபதியின் வலது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தார்கள். உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டிய கறுப்புத் துணி. அவ்வளவுதான்.

"மாமா...! மாமா...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான் ஒருவன். கட்டுமஸ்தான உடம்பு. தலையில் அடித்துக்கொண்டான். தங்கராசு. அணியின் உதவி கோச். சபாபதியின் மனைவி அமிர்தத்தின் கூடப்பிறந்த தம்பி.

"யாரு செஞ்சான்னு தேடவே வேணாம் மேடம். அந்த அஷ்பாக் பையன்தான்."

"நீ பாத்தியா?"

"நேத்து காலைல ப்ராக்டிஸ்ல ஊரே பாத்துச்சு. சட்டைல இருக்கிற சுறா படத்து மேல கறுப்புத் துணிய வெச்சித் தைச்சிக்கினு வந்தான். மாமா பிரிச்சிட்டு வாடான்னாரு. பிரிக்கலன்னா ஃபைனல்ல ஒக்கார வெச்சிருவன்னாரு. 'உங்கள சும்மா வுட மாட்டன்'னு கத்திட்டுப் போனான். அந்தத் துணிதான் மேடம் இது."

"நீ எங்க இருந்த? ஆறுலேருந்து எட்டு."

"நானா?" தங்கராசு மூக்கை உறிஞ்சினான். "முக்குக் கடைல ஜில்லுனு ஒரு கோல்டன் ஷார்க் சோடா குடிச்சிக்கினு, செல்லுல பழைய மேட்ச் பாத்துக்கினு இருந்தன் மேடம். எட்டு வரைக்கும் அங்கதான்."

"ஒரு சோடாவ ரெண்டு மணி நேரமா?"

"ரெண்டு சோடா மேடம்."

ஆண்டி முக்குக் கடைக்குப் போய்விட்டு உடனே திரும்பினார். தங்கராசு தினமும் அங்கே வருகிறவன்தான் என்று கடைக்காரர் சொன்னாராம். இலக்கியா அதோடு அவனை விட்டுவிட்டாள். அவள் மண்டையில் அப்போது அஷ்பாக் மட்டும்தான் இருந்தான்.

வாசலில் ஒரு வெள்ளைக் கார் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவனுக்கு முன்னால் அவனுடைய சென்ட் வாசனை வந்து சேர்ந்தது.

"அருண்குமார். கோல்டன் ஷார்க் கம்பெனி. இந்த டோர்னமென்ட்டோட ஸ்பான்சர். ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்." வருத்தம் அந்த ஒரு வரியோடு முடிந்தது. "அந்தக் கப் ஈவினிங் எங்களுக்கு வேணும்."

"அதுல தலைமுடி ஒட்டிக்கினு இருக்கு. தொடச்சித் தரவா, அப்படியே தரவா?"

அவன் முகம் சுருங்கியது. "ஃபாரின்லேர்ந்து எங்க டைரக்டர்ஸ் வந்திருக்காங்க. ஃபைனல் நிக்கக் கூடாது. அதுக்குத்தான் கேட்டேன்."

"பியர் கம்பெனிக்கு கபடி மேல அவ்ளோ பாசமா?"

"சோடா கம்பெனி மேடம்."

"பியர்."

"சோடா. போர்டப் படிங்க."

கோல்டன் ஷார்க் என்றால் பியர். கடலூரில் குடிக்கிறவனுக்கும் தெரியும், குடிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் மதுவுக்கு விளம்பரம் செய்யத் தடை. சோடாவுக்குத் தடை இல்லை. அதனால் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த அத்தனை தட்டிகளிலும் 'கோல்டன் ஷார்க்' யானை சைஸில் இருந்தது. அதன் காலடியில் எறும்பு சைஸில் 'சோடா' இருந்தது.

இலக்கியா படித்தாள். பல்லைக் கடித்தாள்.

"ஏட்டய்யா... அந்த அஷ்பாக்கத் தூக்கிக்கினு வாங்க."

2

ஸ்டேஷன் லாக்கப்பில் கால் வைக்க இடமில்லை.

பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள். மாநிலம் பூராவும் டாஸ்மாக் கடைகள் மூடல். அந்த ஒரு நாளை நம்பிப் பாட்டிலைப் பதுக்கி விற்கும் புண்ணியவான்கள் ஊருக்கு ஊர் உண்டு. செம்மண்டலம் வட்டாரத்துப் புண்ணியவான்களை இலக்கியா நேற்று மத்தியானமே ஒருத்தர் விடாமல் அள்ளிக்கொண்டு வந்து உள்ளே போட்டிருந்தாள்.

அவர்களுக்கு நடுவில்தான் அஷ்பாக்கை உட்கார வைத்தார்கள். நெஞ்சில் பியர் படம் போட மாட்டேன் என்றவனைச் சுற்றிப் பாட்டில் வியாபாரிகள்!

"தம்பி எந்த ஏரியா? சரக்கு எங்க எடுக்கற?" என்று ஒருவன் அக்கறையாக விசாரித்தான்.

அஷ்பாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபத்திரண்டு வயசு. ஒல்லியான உடம்பு. ரெய்டு போனால் எதிரணி தொடுவதற்குள் கோட்டைத் தாண்டியிருப்பான் என்று பெயர் வாங்கியவன். இன்று கம்பிக்குள்.

இலக்கியா அவனை வெளியே இழுத்து எதிரே நிறுத்தினாள்.

"ஒரு படத்துக்காக ஒரு ஆளக் கொல்லுவியாடா?"

"நான் கொல்லல."

"சும்மா வுட மாட்டன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னன். கோவத்துல சொன்னன்."

"துணியத் தைக்கறதுக்குப் பதிலா ஆடாம இருந்திருக்கலாமில்ல?"

"ஏன் ஆடாம இருக்கணும்? ஆட்டம் என்னோடது. படம்தான் அவுங்களோடது. எனக்கு அது ஹராம். தென்னாப்பிரிக்காவுல ஒரு கிரிக்கெட்காரரு பியர் படம் இல்லாத சட்டையப் போட்டுக்கினுதான் ஆடினாரு. அந்த நாடு ஒண்ணும் முழுகிப் போவல."

"வியாக்கியானம் வேணாம். ஆறுலேருந்து எட்டு. எங்க இருந்த?"

"சாயந்தரம் மஃரிப் தொழுதுட்டு சில்வர் பீச்ல ஒக்காந்திருந்தன்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"அப்ப கடலத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும். உள்ள போ."

"மேடம்... சாயந்தரம் ஃபைனல். மும்பைலேருந்து லீக்குக்கு ஆளெடுக்க வராங்க. என்ன மட்டும் பாக்கத்தான் ஒருத்தரு வராரு. இன்னிக்கி வுட்டா எனக்கு அப்பறம் எதுவுமில்ல."

"செத்தவருக்கும் அப்பறம் எதுவுமில்ல."

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். கறுப்பு பர்தா. கையில் ஒரு துணிப்பை. அழுத தடம் இல்லை. அழுதிருந்தால்கூட இலக்கியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் நஜியா. அவனோட அக்கா. வூட்ல மிஷின் போட்டுத் தைக்கறன்."

"தெரியுது. அந்தத் துணியும் நீங்க தைச்சதுதான?"

"நான்தான். அத மறைக்கறதுக்கு வரல." நஜியா உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நேத்து மத்தியானம் சபாபதி சாரு எங்க வூட்டுக்கு வந்தாரு. கறுப்புத் துணி வேணும்மான்னாரு. டீம் மொத்தத்துக்கும்."

"என்னாது?"

"டீம் மொத்தத்துக்கும். நானே வெட்டிக் குடுத்தன். ஊசி நூலும் வாங்கிக்கினாரு. காலைல கம்பெனிக்காரன் பக்கத்துல நின்னானாம். அவனுக்காவத்தான் பையனத் திட்ட வேண்டியதாப் போச்சுன்னாரு. 'ஒருத்தன் மூடினா அவன ஒக்கார வெச்சிருவானுங்க. ஏழு பேரும் மூடினா என்னா பண்ணுவானுங்க? தம்பிகிட்ட சொல்லாத, நாளைக்கி மைதானத்துல பாக்கட்டும்'னு சொல்ட்டுப் போனாரு."

இலக்கியா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"தம்பியக் காப்பாத்த நல்ல கதை. அந்த ரூம்ல கெடச்சது ஒரே ஒரு துணிம்மா. மிச்சமெல்லாம் எங்க?"

"அத எடுத்துக்கினு போனவனப் போய்க் கேளுங்க. என்ன ஏன் கேக்கறீங்க?"

"மரியாதையா பேசுங்க."

"எங்க அத்தா குவைத்துக்குப் போயி பொட்டில வந்தாரு. அன்னியிலேருந்து இவன நான்தான் வளத்தன். இவன் கோவக்காரன். பொய்யன் இல்ல. நீங்க ராவெல்லாம் தூங்கலன்னு மூஞ்சிலயே தெரியுது. அதுக்காவ கையில கெடச்சவன உள்ள தள்ளிட்டுத் தூங்கப் போயிடாதீங்க."

ஆண்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மேடம் இப்போது எரிந்து விழுவாள் என்று எதிர்பார்த்தார்.

இலக்கியா விழவில்லை. கோபம் வந்தது நிஜம். ஆனால் சபாபதியின் கையில் கிடைத்த துணி அவள் நினைவில் வந்து நின்றது. வெட்டிய துணி. அதில் ஒரு தையல்கூடப் போட்டிருக்கவில்லை, ஊசி நுழைந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. அஷ்பாக்கின் சட்டையிலிருந்து பிய்ந்திருந்தால் நூலாவது தொங்க வேண்டுமே?

"ஏட்டய்யா, இவன் சட்டை எங்க?"

"வூட்லேருந்து எடுத்தாந்தோம் மேடம். பையில இருக்கு."

எடுத்துப் பார்த்தாள். ஏழாம் நம்பர் சட்டை. நெஞ்சில் கறுப்புத் துணி நாலு பக்கமும் தைத்தபடி, தைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

இதைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இலக்கியாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அதை அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரும் இங்கயே இருங்க. சிதம்பரம் போறேன். ஏட்டய்யா, ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

3

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊருக்கு ஊர் அதே போர்டு.

போர்டில் தங்கராசு! தொடையைத் தட்டிக்கொண்டு, கையில் பாட்டிலோடு சிரித்துக்கொண்டிருந்தான். மாமன் பிணமாகக் கிடக்க, மச்சினன் ரோட்டோரமெல்லாம் சிரித்ததைப் பார்க்க இலக்கியாவுக்கு என்னவோ போல இருந்தது.

சிதம்பரம் புறவழிச்சாலை ஓரத்தில் சவுக்குக் கம்பும் தகரமுமாக எழுப்பிய தற்காலிக ஸ்டேடியம். வி.ஐ.பி. பந்தலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அருண்குமார் அவர்களிடம் குழைந்துகொண்டிருந்தான். இலக்கியாவைப் பார்த்ததும் குழைவு காணாமல் போனது.

"அக்யூஸ்ட்தான் கெடச்சிட்டானே மேடம். இன்னும் என்ன?"

"அத நான் முடிவு பண்றன். நேத்து ஆறுலேருந்து எட்டு, நீங்க எங்க?"

"லாட்ஜ்ல. தலைவலி. தனியா படுத்திருந்தேன்."

"எல்லாருக்கும் அந்த நேரத்துலதான் தனியா இருக்கத் தோணியிருக்கு."

"நான் ஏன் சார் அவரக்... ஸாரி, மேடம், நான் ஏன் அவரக் கொல்லணும்?"

"சட்டைல உங்க படத்த மூடினா என்னா ஆவும்?"

"கான்ட்ராக்ட் அன்னிக்கே கேன்சல். சபாபதிகிட்ட தெளிவா சொல்லியிருந்தேன்."

"ஒரு படம். அதுக்கு இவ்ளோ பதட்டமா?"

அருண்குமார் அவளைப் பாவமாகப் பார்த்தான். விஷயம் தெரியாதவளுக்குப் பாடம் எடுக்கிற குரலில் ஆரம்பித்தான்.

"உலகத்துல எங்க கூட்டம் கூடுதோ, அங்க பியர் கம்பெனி இருக்கும். யூரோப்ல ஃபுட்பால், கார் ரேஸ், ரக்பி. அமெரிக்காவுல அவங்க ஊர் ஃபுட்பால். பல லீக் எங்க ஆளுங்க குடுக்கற காசுலதான் மூச்சு விடுது. பிரான்ஸ்ல மது விளம்பரம் கூடாதுன்னாங்க. என்ன பண்ணாங்க தெரியுமா? ரக்பி கிரவுண்ட்ல பேரையே போடல. அதே கலர்ல, அதே எழுத்து ஸ்டைல்ல வேற ஒரு வார்த்தைய எழுதினாங்க. பாத்த அத்தனை பேருக்கும் புரிஞ்சிடுச்சி."

"கத்தார்ல என்னா ஆச்சு? உலகக் கோப்பைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியத்துல பியர் கிடையாதுன்னு கையை விரிச்சாங்கல்ல?"

அவன் முகம் புளித்தது. ஒரு போலீஸ்காரியிடம் அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

"விரிச்சாங்க. ஆனா போர்டுல பேரு இருந்துச்சா இல்லியா? பாட்டில் இல்லேன்னா பரவால்ல மேடம். பேரு இருக்கணும். அதுதான் வியாபாரம்."

"டீம் மொத்தமும் அந்தப் பேர மூடிக்கினு எறங்கியிருந்தா?"

"லைவ்ல? டைரக்டர்ஸ் முன்னாடியா?" அருண்குமார் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "யார் சொன்னா?"

"சும்மா கேட்டன்."

அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டான். இலக்கியா அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

இவன்தானா? காரணம் இருக்கிறது. சாட்சி இல்லாத இரண்டு மணி நேரம் இருக்கிறது. நிரூபிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை!

தொண்டை வறண்டது. எதிரே ஒரு பெட்டிக்கடை. கடைக்கு மேலே, பக்கவாட்டில், முன்னால் தொங்கும் படுதாவில் எல்லாம் கோல்டன் ஷார்க் சோடா.

"அண்ணே, ஒரு கோல்டன் ஷார்க் சோடா குடுங்க. ஜில்லுனு."

கடைக்காரர் அவளுடைய காக்கி உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். கேலி செய்கிறாளா, வழக்குப் போட வந்திருக்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. தயங்கித் தயங்கி ஒரு பதில் சொன்னார்.

அந்தப் பதிலைக் கேட்டு இலக்கியா அப்படியே நின்றுவிட்டாள்.

அடுத்த கடைக்குப் போனாள். அதற்கடுத்த கடைக்கும் போனாள். தாகம் மறந்தே போனது. செல்லை எடுத்து ஆண்டியைக் கூப்பிட்டு மளமளவென்று பேசினாள்.

"...பேசி முடிச்சதும் கெளம்பி வாங்க. அஷ்பாக்கயும் அவன் அக்காவயும் இன்னொரு ஜீப்புல ஏத்திக்குங்க."

"அவன எதுக்கு மேடம் அங்க?"

"ஃபைனல் இருக்கில்ல ஏட்டய்யா."

4

வீரர்கள் உடை மாற்றுகிற கூடாரம்.

இனி தங்கராசுதான் கோச். கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்தான். "மாமாவுக்காக ஆடுங்கடா" என்று தழுதழுத்தான். அஷ்பாக்குக்குப் பதிலாக இறங்க இருந்தவனோடு சேர்த்து ஏழு பேரும் தலை குனிந்து கேட்டார்கள். ஏழு நெஞ்சிலும் சுறா வாயைப் பிளந்திருந்தது.

"பசங்க எல்லாம் வெளிய போங்க." இலக்கியா உள்ளே வந்தாள். "தங்கராசு, நீ இரு. அருண்குமார் சார், நீங்களும்."

"இன்னும் அரை மணி நேரத்துல மேட்ச்," என்றான் அருண்குமார்.

"நான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறன். சபாபதி அடிபட்டுச் சாவல. அடிக்கறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு. விஷம்."

"விஷமா?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சோடால கலந்திருக்கு. கோல்டன் ஷார்க் சோடா."

அருண்குமாரின் வாய் திறந்தது.

"பத்திரிகைக்காரங்கள வரச் சொல்லிட்டன். கோல்டன் ஷார்க் சோடால விஷம்னு சொல்லப் போறன். கடைகள்ல இருக்கிற பாட்டில் மொத்தத்தயும் எறக்கச் சொல்லப் போறன். லைவ்ல உங்க டைரக்டர்ஸும் கேக்கட்டும்."

"மேடம், நோ. வாய்ப்பே இல்ல."

"லேப் சொல்லுது."

"லேப் தப்பு பண்ணியிருக்கு!"

"உங்க சோடா நல்ல சோடான்னு எப்படி நிரூபிப்பீங்க?"

அருண்குமார் கூடாரத்தின் இடைவெளி வழியே வி.ஐ.பி. பந்தலைப் பார்த்தான். வேர்த்துக் கொட்டியது. இலக்கியா செல்லை எடுத்தாள். அவன் பாய்ந்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"மேடம்... சோடாவே கிடையாது."

"காதுல விழல."

"சோடா கிடையாது மேடம்!" குரல் உடைந்தது. "ட்ரேட்மார்க் இருக்கு. லைசென்ஸ் இருக்கு. போர்டு இருக்கு. சோடா மட்டும் இல்ல. விளம்பரம் எடுக்கறதுக்காக கொஞ்சம் பாட்டில் செஞ்சோம். உள்ள ஊத்தினது பைப் தண்ணி. எந்த ஊர்லயும், எந்தக் கடையிலயும் கோல்டன் ஷார்க் சோடா ஒரு பாட்டில்கூட வித்ததில்ல. இல்லாத சோடால யாரு மேடம் விஷம் வெக்க முடியும்?"



இலக்கியா இப்போது அருண்குமாரைப் பார்க்கவில்லை.

மெதுவாகத் திரும்பினாள்.

"கேட்டியா தங்கராசு? விஷமும் இல்ல, சோடாவும் இல்ல. எதிர்த்த கடைக்காரரும் இதத்தான் சொன்னாரு. போர்டுதான் வந்துச்சு, சோடா வரவே இல்லன்னு. அப்ப நேத்து ஆறுலேருந்து எட்டு வரைக்கும் ரெண்டு சோடா குடிச்சியே... எந்தக் கடைல?"

தங்கராசுவின் முகம் வெளுத்தது.

அவசரத்தில் ஒரு பொய் வேண்டும் என்றால் மனிதன் டீ என்று சொல்வான். காபி என்று சொல்வான். தங்கராசுவுக்கு அது வரவில்லை. போர்டுக்குப் படம் பிடித்த நாளிலிருந்து கம்பெனி அவனுக்குக் கிளிக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்திருந்தது. பத்திரிகைக்காரன் கேட்டால் சோடா. கலெக்டர் கேட்டால் சோடா. போலீஸ் கேட்டால் கண்டிப்பாக சோடா!

"பியர் மேடம்," என்றான் சட்டென்று. "பியர்தான் குடிச்சன். பியர்னு சொல்லக் கூடாது, சோடான்னு சொல்லணும்னு கம்பெனில சொல்லிக் குடுத்திருக்காங்க. சாரையே கேளுங்க."

"யெஸ் மேடம்," என்றான் அருண்குமார் பாவம் போல. "அது எங்க ட்ரெய்னிங்."

"சரி, பியர். எங்க வாங்கின?"

"டாஸ்மாக்லதான்."

"நேத்து பூசம்டா."

தங்கராசு வாசலைப் பார்த்தான். "ப்ளாக்ல... ப்ளாக்ல வாங்கினன். செம்மண்டலத்துல வெச்சி."

"யாருகிட்ட? செம்மண்டலத்துல ப்ளாக்ல விக்கிற அத்தினி பேரும் நேத்து மத்தியானத்துலேருந்து என் லாக்கப்லதான் ஒக்காந்திருக்கானுங்க. நீ என்னா, உள்ள வந்து குடிச்சிட்டுப் போனியா?"

கூடாரத்தின் படுதா விலகியது. ஏட்டு ஆண்டி நின்றார். கையில் ஒரு பாலிதீன் கவர்.

"முக்குக் கடைக்காரர திரும்பக் கேட்டுட்டன் மேடம். நேத்து சாயந்தரம் இவன் அங்க வரவே இல்ல. வெளிய நிக்கிற இவன் பைக்ல, டேங்க் கவருக்குள்ள இது இருந்துச்சு."

கறுப்புத் துணிகள். எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் ஊசி குத்தியபடியே இருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

தங்கராசு திரும்பி ஓடப் பார்த்தான். கபடிக்காரன். ஆனால் வாசலில் ஆண்டி இருந்தார். ஆண்டிக்கு ஐம்பத்தாறு வயசு, தொப்பை வேறு. அந்தத் தொப்பையில் மோதி விழுந்தான்.

"வழியெல்லாம் பூசத்துக்கு போலீஸ் நின்னுச்சு," என்றான் தரையில் கிடந்தபடி. "தூக்கிப் போட எடம் கெடைக்கல."

"ஏண்டா செஞ்ச?"

"அஷ்பாக் ஒருத்தன் மூடியிருந்தா வுட்டிருப்பன் மேடம். டீம் மொத்தத்துக்கும் மூடப் போறன்னாரு. ஒக்காந்து ஊசில நூல் கோத்துக்கினு இருந்தாரு. வேணாம் மாமா, கம்பெனி ஓடிப்போயிடும், என் போர்ட எல்லாம் எறக்கிடுவாங்கன்னு கால்ல வுழுந்தன். 'எறக்கட்டும்டா. உன் மூஞ்சியப் பாத்துட்டு ஸ்கூல் பசங்க குடிக்கக் கத்துக்குதுங்க'ன்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு மேடம். என் வாழ்க்கைல மொத தடவையா ஊரே என்னப் பாத்துச்சு. அவரு சிரிக்கிறாரு. பக்கத்துல கப்பு இருந்துச்சு..."

"செத்தவரு கையில ஒரு துணிய வெச்சி, மிச்சத்த எடுத்துக்கின. பழி சின்னப் பையன் மேல."

அவன் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டான்.

"உங்க அக்கா ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்திருக்காங்க. என் தம்பி வந்துதான் எல்லாம் செய்யணும்னு சொல்லிக்கினு இருக்காங்களாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

காலையிலிருந்து ஊரறிய அழுதுகொண்டிருந்த தங்கராசு, அப்போதுதான் முதன்முறையாக நிஜமாக அழுதான்.

இலக்கியாவுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. அமிர்தத்தைத்தான் நினைத்தாள். புருஷனும் போய், தம்பியும் போய், அந்தப் பொம்பளைக்கு மிச்சம் என்ன?

வெளியே ஜீப் பக்கத்தில் அஷ்பாக் நின்றிருந்தான். நஜியா அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"வுட்டுட்டீங்களா, இல்ல இன்னொரு லாக்கப்புக்கு மாத்தறீங்களா?" என்று கேட்டாள் நஜியா.

"தப்பு என் மேலதான். சட்டைய காலைலயே பாத்திருக்கணும்." இலக்கியாவுக்கு அந்த வார்த்தை எளிதாக வரவில்லை. ஆனாலும் சொன்னாள். "மன்னிச்சிடுங்க."

நஜியா மன்னித்ததாகச் சொல்லவில்லை. துணிப்பையைத் திறந்தாள். சபாபதிக்கு வெட்டிக் கொடுத்தது போக மிச்சமிருந்த கறுப்புத் துணியை எடுத்தாள். தம்பியின் நண்பர்கள் ஒவ்வொருவனாக அவள் முன்னால் வந்து நின்றார்கள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தைக்க நேரமில்லாததால் ஊக்கு குத்தினாள்.

ஏழு பேர் மைதானத்தில் இறங்கினார்கள். ஏழு நெஞ்சிலும் கறுப்பு. ஒரு சுறாகூடக் கண்ணில் படவில்லை. கூட்டம் ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தது. பிறகு எழுந்து நின்று கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. வி.ஐ.பி. பந்தலில் வெள்ளைக்காரர்கள் இளநீரைக் கீழே வைத்தார்கள்.

முதல் ரெய்டு அஷ்பாக். கோட்டைக் குனிந்து தொட்டுவிட்டு உள்ளே போனான். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மும்பைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இலக்கியா ஜீப்பில் ஏறினாள். பின்னால் கைவிலங்கோடு தங்கராசு. அருண்குமார் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான். டை கோணலாகிக் கிடந்தது. சென்ட் வாசனை வேர்வைக்குத் தோற்றிருந்தது.

"மேடம், ப்ளீஸ். ஒரே ஒரு ரிக்வெஸ்ட். எஃப்.ஐ.ஆர்.லயும் பேப்பர்லயும் எங்க கம்பெனி பேரு வராம பாத்துக்கங்க."

"வராம எப்படி சார்?" என்றாள் இலக்கியா, ஜீப் நகர நகர. "உலகம் பூரா பேரு தெரியணும்னுதான இவ்ளோ காசு கொட்டறீங்க? நாளைக்கி எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கம். நான் ஓசிலயே போட்டுத் தரேன்."